சமனி அணைந்த நாற்பது நிமிடங்கள்

தேர்தல் ஆணையர் குழல்வாய்மொழிக்கு நான்கு வருடமாக எதுவும் பிடிக்கவில்லை. பிடிக்காமலும் இல்லை. சட்டம் அப்படி.

தென்கரை ஒன்றியம் என்ற நாட்டை வரைபடத்தில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னும் தொண்ணூறு வருடம் கழித்து உண்டாகப்போகிற நாடு அது. அங்கே தேர்தல் ஆணையத்துக்கு மூன்று உறுப்பினர்கள், பதவி ஆறு வருடம். பிரமாணம் எடுத்து அரை மணி நேரம் ஆவதற்குள் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் சமனி என்றொரு கருவியை வைத்துத் தைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த ஆளுக்கு வேண்டியவன், வேண்டாதவன் என்று பூமியில் எவனும் கிடையாது. முன்பெல்லாம் ஆணையர்கள் எவ்வளவு யோக்கியமாக இருந்தாலும் தோற்ற கட்சி அவர்களை வண்டி வண்டியாக வைதுகொண்டிருந்தது. சமனி வந்ததும் வைவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. கட்சிப் பேச்சாளர்களில் பாதிப் பேருக்குத் தொண்டை துருப்பிடித்து, எண்ணெய் விட்டுக் கழுவிக்கொண்டார்கள் என்று சொல்வார்கள்.

"ஞாபகம் போகாது சார், புத்தி போகாது. எல்லாம் தெரியும். ஆனா உறைக்காது. அவ்வளவுதான்" என்றார் அதைத் தைத்த டாக்டர், வெளியே காத்திருந்த கணவரிடம்.

கணவர் பெயர் அழகுநம்பி. நாடாளுமன்றச் செயலகத்தில் மனுக்கள் பிரிவுக்குச் செயலர். ஐம்பத்தெட்டு வயது, ஒழுங்கான கையெழுத்து, சுமாரான இதயம். டாக்டர் சொன்னதை அவர் முதலில் நம்பவில்லை. முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த மனைவியை ஓர் அரிசி மணி என்ன செய்துவிடும்? சோதித்துப் பார்க்க ஒரு நாள் ரசத்தில் உப்பே போடவில்லை. குழல்வாய்மொழி சாப்பிட்டார். மறுநாள் அழகுநம்பி இரண்டு பங்கு உப்பைக் கொட்டினார். கடலே வந்து ஒரு வாய் குடித்தால் ஐயோ என்று ஓடியிருக்கும். மனைவி அதையும் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்.

"நேத்து உப்பு இல்ல, இன்னைக்குக் கூடுதல். ரெண்டு நாளைக்கும் சேத்து கணக்கு சரியா வருது."

இரண்டாவது வருடம் மகள் வடிவு பிள்ளை பெற்றாள். பேத்தியைக் குழல்வாய்மொழியின் கையில் கொடுத்தபோது பதமாக வாங்கினார், பதமாகப் பிடித்தார், ஒரு நிமிடம் பார்த்தார். "கழுத்து இன்னும் நிக்கல, கவனமா வாங்கிக்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வடிவு வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டாள். மூன்றாவது வருடம் அழகுநம்பிக்கு நெஞ்சில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் நீட்டிய பதினோரு பக்கச் சம்மதப் படிவத்தைக் குழல்வாய்மொழி வரி விடாமல் படித்தார். ஓரிடத்தில் தேதி தப்பாக இருப்பதைக் காட்டித் திருத்தச் சொன்னார், கையெழுத்துப் போட்டார், தொகுதி எல்லைக் கூட்டத்துக்குக் கிளம்பிப் போனார். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவர் மனைவியின் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆக இன்னும் இரண்டு வருடம் பாக்கி. அழகுநம்பி நாட்களை எண்ணாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்த மனு அவர் மேசைக்கே வந்து விழுந்தது.

மூன்று ஆணையர்களையும் பதவியிலிருந்து நீக்கக் கோரும் மனு. காரணம், தோணித்தீவுப் படகு.

தோணித்தீவுக்காரர்களுக்கு வாக்குச்சாவடி கரையில். போன தேர்தலன்று கடல் கொந்தளித்ததில் படகு தாமதமாகிவிட்டது. ஆறு மணிக்குள் வரிசையில் நிற்கிறவர்களுக்குத்தான் டோக்கன். ஆறு அடிக்கும்போது இருநூற்றுப் பன்னிரண்டு பேரோடு படகு துறைக்கு எதிரே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. வாக்குச்சாவடி அதிகாரி ஆணையத்துக்கு போன் போட்டார்.

"மேடம், படகு கண்ணுக்குத் தெரியுது. ஆளுங்க கையக் காட்டுறாங்க. வரிசையில நிக்கிறதா எடுத்துக்கலாமா?"

"தண்ணியில வரிசை கிடையாது" என்றார் குழல்வாய்மொழி. நான்கு நொடியில் உத்தரவு முடிந்தது. மற்ற இரண்டு ஆணையர்களும் அடுத்த நான்கு நொடியில் ஆமோதித்தார்கள்.

வந்தவர்கள் வந்த படகிலேயே திரும்பினார்கள். முதல் ஓட்டுப் போடப் புதுச்சேலை கட்டி வந்த பெண்கள், பிரசவமாகி எட்டாம் நாள் பச்சைப் பிள்ளையோடு வந்தவள், எல்லோரும். அந்தத் தொகுதியில் தோற்றவருக்கும் ஜெயித்தவருக்கும் நூற்று நாற்பது ஓட்டுத்தான் வித்தியாசம். தோற்றவர் நாடாளுமன்ற உறுப்பினர் பர்னபாஸ் வில்லவராயருக்கு மருமகன். வில்லவராயரும் அதே தீவில் பிறந்தவர். அவர் சபையில் எழுந்து "சபாநாயகர் அவர்களே" என்றால் கூரைப் புறாக்கள் அடுத்த மாவட்டத்துக்குக் குடிபெயரும், திரும்பி வர இரண்டு கூட்டத்தொடர் ஆகும். மனுவைக் கொடுத்தது அவர்தான்.

அழகுநம்பி மனுவைப் படித்த கையோடு தலைமைச் செயலர் கோமதிநாயகத்தின் அறைக்கு ஓடினார்.

"சார், இந்த விசாரணைக் குழுவுக்கு நான் செயலரா இருக்க முடியாது. அதுல வர்ற குழல்வாய்மொழி என் வீட்டுக்காரி."

"தெரியும்யா. உங்க கல்யாணத்துல பந்தியில உக்காந்து சாப்பிட்டவன் நான்."

"அப்ப வேற யாரையாவது போடுங்க சார்."

"எதுக்கு? ஒட்டு எதுக்கு வாங்கி வச்சிருக்கோம்?" கோமதிநாயகம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சொந்தக்காரன், வேண்டியவன்னு சொல்லி விலகிக்கிறதெல்லாம் எங்கப்பா காலத்துச் சமாச்சாரம். இப்ப காதுக்குப் பின்னால ஒட்டை ஒட்டினா சொந்தமும் கிடையாது, பகையும் கிடையாது. மனுக் குடுத்த வில்லவராயரே குழுவுல நீதிபதியா உக்காரப் போறாரு. நீர் என்ன அவரைவிட ஒசத்தியா?"

ஒட்டு என்பது சமனிக்குத் தம்பி. தையல் கிடையாது, தோலுக்கு மேலே ஒட்டுவது. வேலை முடிந்ததும் உரித்துவிடலாம். அது வந்த பிறகு அந்த நாட்டில் ஒருவரும் எதிலிருந்தும் விலகிக்கொள்வதில்லை. மாமனார் மருமகன் மேல் தீர்ப்புச் சொன்னார். அண்ணன் போட்ட டெண்டரைத் தம்பி திறந்தான். ஒரு ஊரில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் ஒட்டு ஒட்டிக்கொண்டு சம்பந்தம் பேசி, ஆறே நிமிடத்தில் பேச ஒன்றும் இல்லாமல் எழுந்து போனார்களாம்.

ஒட்டு ஒட்டுவது விசாரணையன்றுதான். அதற்கு முன்னால் மனுவை ஆராய்கிற வேலையை அழகுநம்பி சொந்த மனசோடுதான் செய்யவேண்டியிருந்தது. அவர் மனசில் என்ன இருந்தது என்பதை ஒளிப்பானேன்? மனு ஜெயிக்க வேண்டும். குழு நீக்கச் சொன்னால் அன்று சாயங்காலமே சமனியை எடுத்துவிடுவார்கள், மனைவி மனைவியாக வீட்டுக்கு வந்துவிடுவார். மனு தோற்றால் இன்னும் இரண்டு வருடம். இதயம் அவ்வளவு நாள் உத்தரவாதம் கொடுக்கிற சரக்காக அவருக்குத் தோன்றவில்லை.

மனு செல்ல நூறு உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும். இருந்தது நூற்று மூன்று. கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு பார்த்திருக்கலாம். ஆனால் அவர் பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொன்றையும் பழைய கோப்போடு ஒப்பிட்டார். இரண்டு கையெழுத்து ஒரே ஆளுடையது. ஒன்றை அடித்தார். இன்னொருவர் கையெழுத்துப் போட்ட நாளில் மயக்க மருந்தில் இருந்தார். அதையும் அடித்தார். நூற்று ஒன்று. ஒவ்வொரு கையெழுத்து தேறும்போதும் அவருக்குள் ஒரு சரவெடி வெடித்தது. அப்படி வெடித்ததற்காக வெட்கப்பட்டு, அதே கையெழுத்தை மறுபடி ஒருமுறை சரிபார்த்தார்.

விசாரணைக்கு முதல் நாள் காலையில் தோசையை ஊற்றிக்கொண்டே மனைவியிடம் பேச்சை எடுத்தார்.

"நாளைக்கு விசாரணை."

"நோட்டீஸ் வந்துச்சு."

"குழு ஒத்துக்கிட்டா சாயங்காலமே சமனியை எடுத்துருவாங்க."

"ஆமா. விதி இருபத்திரண்டு."

"நீ வீட்டுக்கு வந்துருவ, குழலு."

"இப்பவும் வீட்டுக்குத்தான வாரேன்."

தோசை கருகியது. அவர் அதைத் திருப்பிப் போட்டார்.

"நீங்க என்னை நீக்கணும்னு நினைக்கியளா?" என்று கேட்டார் குழல்வாய்மொழி. கோபமில்லை, ஆவலில்லை. மணி என்ன என்று கேட்பதைப் போலக் கேட்டார்.

அழகுநம்பி அடுப்பைத் தணித்துவிட்டு, "நினைக்கேன்" என்றார்.

"அந்தக் காரணம் மனுவுல இல்லையே" என்றார் அவர். பிறகு சட்னி கேட்டார்.

மறுநாள் காலை நாடாளுமன்ற மருந்தகத்தில் குழுவினர் ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டர் எஸ்தர் ஒவ்வொருவருக்கும் காதுக்குப் பின்னால் பஞ்சால் துடைத்து ஒட்டை ஒட்டிக்கொண்டு வந்தார். குழுத் தலைவர் சுலைகா பீவி கண்ணை மூடித் திறந்தார், அவ்வளவுதான். வில்லவராயர் பெரிய வேடிக்கை. "எட்டு நாள் பிள்ளைக்காரியைத் திருப்பி அனுப்பிச்சாளுகளே, இவளுகளை நான்..." என்று கூரை அதிர ஆரம்பித்தவர், ஒட்டு பட்டதும், "...விசாரிக்க வேண்டியிருக்கிறது" என்று முடித்தார். மருந்து அலமாரியில் நடுங்கிக்கொண்டிருந்த பாட்டில்கள் ஓய்ந்தன.

கடைசியாக அழகுநம்பி உட்கார்ந்தார்.

"சிஸ்டர், சாட்சி சொல்ல வர்றவங்களும் சமனியோடதான் வருவாங்க, இல்லையா?"

"அது தெரியாதா சார்? நீக்குற விசாரணைன்னா அணைச்சிருவாங்க. உறைக்காத ஆளு தனக்காக எப்படி வாதாடுவாங்கன்னு கோர்ட்டுலயே கேட்டுட்டாங்கள்ல? நாப்பது நிமிஷம். அதுக்கு மேல அணைச்சு வச்சா சமனி செத்துப் போயிரும்."

அழகுநம்பியின் கை நாற்காலியைப் பற்றிக்கொண்டது. இதுவரை நீக்க விசாரணை எதுவும் நடந்ததில்லை. விதிப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருந்தவருக்கு அந்தக் கோர்ட்டுத் தீர்ப்பு மட்டும் கண்ணில் படாமல் போயிருந்தது.

"அப்ப அந்த நாப்பது நிமிஷமும் அவ... பழையபடி இருப்பாளா?"

"பழையபடியேதான். நாலு வருஷத்துதும் சேந்து வரும், பாவம்."

"சிஸ்டர்..." குரலைத் தாழ்த்தினார். "எனக்குக் கொஞ்சம் லூசா ஒட்டுங்களேன். ஓரத்துல மட்டும்."

"இது என்ன ரவிக்கையா சார், லூசா தைக்கிறதுக்கு? ஓரம் தூக்கினா சிவப்பு லைட் எரியும். தலைவரம்மா விசாரணையை நிறுத்திருவாங்க. அப்புறம் மனுவே கெட்டுப் போயிரும்."

மனு கெட்டுப்போனால் அவர் மனைவியும் வரமாட்டார். அழகுநம்பி தலையைக் குனிந்து காதைக் காட்டினார். சிஸ்டர் எஸ்தரின் விரல் குளிர்ச்சியாகப் பட்டது. தெருவில் போய்க்கொண்டிருந்த மேளச்சத்தம் மூலை திரும்பியதும் அடங்குவதைப் போல உள்ளே ஏதோ அடங்கியது. எழுந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். இன்று மூவருக்கும் சேர்த்து உத்தரவு போட்டவர் ஒருவரே சாட்சி, நாற்காலி ஏழு, தண்ணீர்க் குவளை ஏழு என்பது மட்டும் மனதில் இருந்தது.

விசாரணை பதினொரு மணிக்குத் தொடங்கியது. ஆணையர் குழல்வாய்மொழி சாட்சி நாற்காலியில் அமர்ந்தார். தொழில்நுட்பர் அவர் காதருகே சிறு கருவியை வைத்துச் சமனியை அணைத்தார். அழகுநம்பி நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சாட்சி மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இங்க யாரோ காப்பி குடிச்சிருக்கீங்க" என்றார். அவர் குரல் மாறியிருந்தது. "எவ்வளவு நல்லா மணக்குது!"

"கூட்டத்துக்கு முன்பு குடித்தோம். கேள்விக்குப் போகலாம்" என்றார் சுலைகா பீவி.

கேள்வி கேட்க வேண்டியவர் வில்லவராயர். கையிலிருந்த தாளைப் பார்த்து, கொடியில் காயும் துணியை எண்ணுகிற குரலில் வாசித்தார். "தோணித்தீவுப் படகு பற்றிய உத்தரவு தங்களுடையதா?"

"என்னோடதுதான். நாலு செகண்டுல சொன்னேன்."

"இன்று, இந்த நிலையில், அதே கேள்வி வந்தால்?"

சாட்சி யோசித்தார். கண் கலங்கியிருந்தது.

"அதே உத்தரவுதான் போடுவேன். ஆறு மணின்னா ஆறு மணி. ஒரு படகுக்கு நேரம் குடுத்தா அடுத்த தேர்தல்ல வேண்டிய ஊருல எல்லாம் படகு தாமதமா வரும். ஆனா..." மேசையைப் பார்த்தபடி நிறுத்தினார். "நான் அன்னைக்கே அந்தத் துறைக்குப் போயிருப்பேன். அவங்க முன்னால நின்னு, முடியாதுன்னு என் வாயால சொல்லியிருப்பேன். வைவாங்க, வாங்கிக்கிட்டிருப்பேன். பச்சை உடம்புக்காரி ஒருத்தி வந்திருந்தாளே, அவ உக்கார ஒரு நாற்காலி போடச் சொல்லியிருப்பேன். போன்லயே சொல்லியிருக்கலாம். தோணல. அது ஒண்ணும் விதிக்கு விரோதம் இல்லையே. தோணவே இல்லையே எனக்கு."

"குறித்துக்கொள்ளப்பட்டது" என்றார் வில்லவராயர். அவர் பிறந்த தீவு அது. அந்தப் பிள்ளைக்காரி அவருக்குத் தூரத்து உறவு. தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அப்போது சாட்சி தலையைத் திருப்பி, தட்டச்சு செய்துகொண்டிருந்த செயலரைப் பார்த்தார்.

"அத்தான்" என்றார்.

நான்கு வருடமாக அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. அழகுநம்பிக்கு அது தெரிந்தது. 'குழுச் செயலரை நோக்கி' என்று அடைப்புக்குறிக்குள் தட்டினார்.

"அத்தான், ஆஸ்பத்திரியில உங்களை அப்படியே விட்டுட்டுப் போயிட்டேனே. கண்ணு முழிச்சப்ப பக்கத்துல யாரு இருந்தா?"

அதற்கும் அழகுநம்பிக்குப் பதில் தெரியும். யாரும் இல்லை. ஒரு ஸ்டாண்டும் அதில் தொங்கிய பையும் இருந்தன. ஆனால் அது விசாரணைக்கு உட்பட்ட விஷயம் இல்லை.

"சாட்சி தலைவரை நோக்கியே பேச வேண்டும்" என்றார். சொன்னதைத் தட்டச்சும் செய்தார்.

சாட்சி அவர் காதைப் பார்த்தார். ஒட்டின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஆமால்ல" என்றார். "உங்களுக்கு இப்ப உறைக்காதுல்ல."

முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஐந்து உறுப்பினர்களும் காத்திருந்தார்கள். ஒருவர் தண்ணீர் குடித்தார். சுலைகா பீவி கடிகாரத்தைப் பார்த்தார். அழகுநம்பி ஆரம்ப நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்தார். 11.19 முதல் 11.23 வரை. வாசலில் நின்ற சிஸ்டர் எஸ்தருக்கு ஒட்டு கிடையாது. அவர் வெளியே போய்விட்டார்.

"சாட்சி விஷயத்துக்கு வரவும்" என்றார் தலைவர்.

"வாரேன்மா. இதை மட்டும் அவர் எழுதிக்கிடட்டும், அப்புறமா படிச்சுக்குவாரு." சாட்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "வடிவு பிள்ளையைக் கையில வாங்கினேன்ல, அத்தான், அதோட கழுத்துல பால் வாசம் அடிச்சது. எனக்கு அது இப்பத்தான் வருது. ரெண்டு வருஷம் கழிச்சு, இந்த ரூம்ல உக்காந்து இப்பத்தான் எனக்கு வருது. அவகிட்டச் சொல்லிருங்க. நான் நாளைக்குச் சொன்னா அது வெறும் தகவலாத்தான் இருக்கும்."

அழகுநம்பி ஒரு எழுத்து விடாமல் தட்டினார். அவர் வேகம் நிமிடத்துக்கு எண்பது சொல். திணறவில்லை.

இன்னும் ஆறு நிமிடம் இருக்கும்போது சுலைகா பீவி கடைசிக் கேள்வியைக் கேட்டார். "பதவியிலிருந்து நீக்கப்படுவதைத் தாங்கள் விரும்புகிறீர்களா?"

சாட்சி சிரித்தார். அழுத முகத்தோடு சிரித்தார்.

"விருப்பமா? இந்த நிமிஷமே போயிருவேன்மா. இந்தக் கதவு வழியா இவரைக் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டே போயிருவேன்." கதவைப் பார்த்தார். "ஆனா நீங்க நீக்குறதுக்கு அது காரணம் ஆகாது. என் விருப்பத்துக்கு என்னை நீக்கினா, நாளைக்கு எவனோ விருப்பத்துக்கு எவரையோ நீக்குவான். பத்து வாரத்துல தேர்தல் இருக்கு. நான் தப்புப் பண்ணியிருந்தா நீக்குங்க. இல்லைன்னா விடுங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல."

நாற்பதாவது நிமிடம் தொழில்நுட்பர் கருவியை மறுபடி வைத்தார். கடைசி நொடியில் சாட்சி செயலரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார், சேலை மடிப்பைச் சரிசெய்தார், தண்ணீர்க் குவளையை மேசையின் நடுவே நகர்த்தி வைத்தார்.

முறைகேடு எதுவும் நிரூபிக்கப்படவில்லை. மனு தள்ளப்பட்டது. ஐந்துக்கு ஐந்து.

மருந்தகத்தில் ஒட்டை உரித்தார்கள். முதலில் உரித்தது வில்லவராயருக்கு. அப்புறம் அவர் குரல் எழும்பியது பாருங்கள், அந்தக் கட்டிடத்தின் அடித்தளத்தில் அறுபது வருடமாக அடைந்து கிடந்த வௌவால்கள் பட்டப்பகலில் வெளியே வந்தன.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கேன்! என் மனுவை நானே தள்ளியிருக்கேனே! ஊர்ல என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்!" தலையிலேயே அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அழகுநம்பியைப் பார்த்தார். அவர் ஒட்டை சிஸ்டர் எஸ்தர் அப்போதுதான் ஓரத்தில் நெம்பிக்கொண்டிருந்தார்.

"சார்" என்றார் வில்லவராயர், யாரும் கேட்டிராத சின்னக் குரலில். "அந்தம்மா அழுதப்ப... நான் தாளைத் திருப்பிக்கிட்டு இருந்தேன் சார்."

ஒட்டு உரிந்தது.

அழகுநம்பிக்கு எதுவும் மறந்திருக்கவில்லை. காப்பி மணம், அத்தான் என்ற சொல், நான்கு நிமிடம், பால் வாசம், எல்லாம் வரிசையாகத் தெரிந்தபடியே இருந்தன. அவை இப்போது ஒன்றாக வந்து விழுந்தன. எழுந்தார், விழப் பார்த்தார், சுவரைப் பிடித்தார். பிறகு ஓடினார். நெஞ்சில் தையல் போட்ட மனுஷன் ஓடக் கூடாத ஓட்டம் அது. நாலு படியை ஒரு படியாகத் தாண்டி, இரண்டு காவலர்களைச் சுழற்றிவிட்டு, போர்ட்டிகோவுக்கு வந்தபோது குழல்வாய்மொழி காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

"குழலு! யாருமே இல்ல. நான் கண்ணு முழிச்சப்ப யாருமே இல்ல. உன் பேரைத்தான் சொன்னேன். நர்ஸ் வந்து அது யாருன்னு கேட்டா."

குழல்வாய்மொழி காரின் கதவைப் பிடித்தபடி முழுதாகக் கேட்டார்.

"பதிலுக்கு நன்றி" என்றார். "ஆனா விசாரணை முடிஞ்சிருச்சு. பதிவுல சேர்க்க முடியாது. ஓடாதீங்க, உடம்புக்கு ஆகாது."

கார் கிளம்பிப் போனது.

நாடாளுமன்றக் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சி சொன்னதைச் செயலர் பதிவு செய்து, அதன் படியைச் சாட்சிக்கே அனுப்ப வேண்டும். மூன்று நாளைக்குள் சாட்சி திருத்தம் செய்து திருப்பி அனுப்பலாம். விசாரணைக்குச் சம்பந்தமில்லாத பேச்சை அடித்துவிடவும் சாட்சிக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தாத சாட்சி பிறந்ததில்லை. போன வருடம் ஒரு அமைச்சர் தன் வாக்குமூலத்தை அடித்து அடித்து, கடைசியில் தன் பெயரும் 'வணக்கம்' என்ற சொல்லும் மட்டுமே மிஞ்சியது.

ஆகவே அழகுநம்பிக்குத் தெரியும். பால் வாசத்துக்கும் வாக்குச்சாவடிக்கும் என்ன சம்பந்தம்? விதி தெரிந்த குழல்வாய்மொழி முதல் வேலையாக அதைத்தான் அடிப்பார். அடித்தால் அழகுநம்பியே தன் கையால் அதைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும். அந்த நாற்பது நிமிடத்தில் தனக்கு வந்து சேர்ந்தது இந்த முப்பத்தோரு பக்கம்தான். ஒரு படியைத் திருட்டுத்தனமாக வீட்டில் வைத்துக்கொண்டால் என்ன என்று முதல் தடவையாக யோசித்தார். வைத்துக்கொள்ளவில்லை. முத்திரை வைத்த உறையில் போட்டு, விதிப்படி, தபால் பிரிவு மூலமாகத் தன் மனைவிக்கு அனுப்பினார். அந்த மூன்று நாளும் வீட்டில் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசக் கூடாது.

மூன்றாம் நாள் மதியம் உறை திரும்பி வந்தது. அழகுநம்பி அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் மேசையைத் துடைத்தார், பேனாவுக்கு மூடி போட்டார், கழற்றினார். பிறகு பிரித்தார்.

முப்பத்தோரு பக்கத்திலும் அடியில் சின்னக் கையெழுத்து இருந்தது. ஒரு வரியும் அடிக்கப்படவில்லை. பால் வாசம் அப்படியே இருந்தது. கூடவே ஒரு தாள் இணைக்கப்பட்டிருந்தது. குழல்வாய்மொழியின் நிமிர்ந்த எழுத்து.

'பக்கம் 4: படகில் வந்தவர்கள் 211 என்றுள்ளது. 212. திருத்துக.

பக்கம் 9: "11.19 முதல் 11.23 வரை குறுக்கீடு" என்றுள்ளது. அது குறுக்கீடு அல்ல. அழுகை. திருத்துக.

அதே பக்கம்: "குழுச் செயலரை நோக்கி" என்றுள்ளது. கணவரை நோக்கி என்பதே உண்மை. திருத்துக.

அதே பக்கம்: "சாட்சி தலைவரை நோக்கியே பேச வேண்டும்" என்ற செயலரின் கூற்று, சொன்னபடியே பதிவாகியிருக்கிறது. சரி.'

அழகுநம்பி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தட்டச்சின் முன்னால் உட்கார்ந்தார். முதல் திருத்தத்தைச் செய்தார். இரண்டாவதைச் செய்தார். மூன்றாவதை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

நான்காவதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை.